நாவு பூட்டப்பட்ட ஆறு மாதங்கள்: இமாம் கஸ்ஸாலியின் இரு நெருக்கடிகள்

"எனக்கு ஈமானில் சந்தேகம் வருகிறது" என்று ஒருவர் வாய்திறந்து சொன்னால் எமது ஊர்களில் இரண்டில் ஒன்று நடக்கும். "இப்பிடியெல்லாம் யோசிக்கப்படாது, ஷைத்தான்ட வேல, அஊது ஓது" என்று பேச்சை அந்த இடத்திலேயே முடித்துவிடுவார்கள். அல்லது அவருடைய பெயர் வேறொரு பட்டியலில் ஏறிவிடும். அதற்குப் பிறகு கல்யாண வீட்டிலும் மையித்து வீட்டிலும் அவரைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். இரண்டிலும் அவர் கேட்ட கேள்வி கேட்ட இடத்திலேயே கிடக்கும்.

இதே சமூகம்தான் பிள்ளைகளுக்குக் கஸ்ஸாலி என்று பெயர் வைக்கிறது. இஹ்யாவின் பகுதிகளைச் சிறு சிறு நூல்களாகத் தமிழில் வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறது. இமாமவர்களின் பெயரை 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' என்ற பட்டமில்லாமல் மிம்பரில் சொல்வதில்லை. இஸ்லாத்தின் ஆதாரம் என்று நாம் போற்றும் அந்த மனிதர் தமது வாழ்வில் இரு தடவை உள்ளுக்குள் உடைந்துபோனார் என்பதையும், அதைத் தாமே எழுதிவைத்துவிட்டுப் போனார் என்பதையும் ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை. ஐம்பது வயதைக் கடந்தபின் அவர் எழுதிய 'அல்முன்கித் மினழ் ழலால்' என்ற சிறிய நூலில் அந்த வரலாறு இருக்கிறது.

அந்த இரண்டு நெருக்கடிகளும் ஒன்றல்ல. முதலாவது அறிவில் வந்த சந்தேகம். இரண்டாவது தன்னைப் பற்றிய சந்தேகம். நாம் முதலாவதைக் கண்டு பயப்படுகிறோம், இரண்டாவதைக் காண்பதேயில்லை. இமாமவர்களோ இரண்டாவதில்தான் கிட்டத்தட்ட அழிந்துபோகும் நிலைக்கு வந்தார். இந்த வித்தியாசத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூஸிலிருந்து பக்தாத் வரை

ஹிஜ்ரி 450இல், கி.பி. 1058இல், குராஸான் பிரதேசத்தின் தூஸ் நகரில் அவர் பிறந்தார். இன்றைய ஈரானின் மஷ்ஹத் நகருக்கு அண்மையிலுள்ள இடம் அது. தந்தை கம்பளி நூற்று விற்ற ஏழை என்று தாஜுத்தீன் அஸ்ஸுப்கி தமது 'தபகாத்' நூலில் எழுதுகிறார். மரண வேளையில் தந்தை தமது இரு ஆண்மக்களையும் கையிலிருந்த சொற்பப் பணத்தையும் ஒரு ஸூபி நண்பரிடம் ஒப்படைத்தார். பணம் முடிந்ததும் அந்த நண்பர், "ஒரு மத்ரஸாவில் சேர்ந்துகொள்ளுங்கள், சாப்பாடாவது கிடைக்கும்" என்ற கருத்தில் ஆலோசனை சொன்னார். அல்லாஹ்வுக்காக அல்லாமல் வேறொன்றுக்காகத்தான் தாம் இல்மைத் தேடிப் போனதாகவும், ஆனால் இல்மோ அதற்கு இணங்கவில்லை என்றும் இமாமவர்கள் பிற்காலத்தில் சொன்னதாக ஸுப்கி பதிவு செய்திருக்கிறார். இந்தச் செய்தியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது நெருக்கடியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அதே நூலில் வழிப்பறிக் கதையொன்றும் உண்டு. ஜுர்ஜானில் ஓதிவிட்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் அவருடைய பொருட்களைப் பறித்தார்கள். பாடக் குறிப்புகளை மட்டும் தந்துவிடுமாறு இளைஞர் கஸ்ஸாலி அவர்களின் பின்னால் ஓடிக் கெஞ்சினார். தலைவன் சிரித்தான். நாங்கள் ஒரு பையை எடுத்ததும் போய்விடுகிற அறிவை நீ எப்படி உன்னுடைய அறிவென்று சொல்வாய் என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஊர் வந்து மூன்று வருடம் இருந்து அவ்வளவையும் மனனம் செய்தாராம் இமாமவர்கள்.

பின்னர் நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனியிடம் ஓதினார். 1085இல் ஆசிரியர் வபாத்தானபின் ஸெல்ஜூக்கிய வஸீர் நிழாமுல் முல்க்கின் சபைக்குப் போனார். அங்கு நடந்த விவாதங்களில் அவருடைய திறமையைக் கண்ட வஸீர், 1091இல் பக்தாத் நிழாமிய்யாவின் பேராசிரியராக அவரை நியமித்தார். அப்போது அவருக்கு வயது சுமார் 33. முந்நூறு மாணவர்கள் அவரிடம் ஓதினார்கள். அக்காலத்து முஸ்லிம் உலகில் ஓர் ஆலிம் ஏறக்கூடிய மிக உயர்ந்த படிகளில் ஒன்று அது.

முதல் நெருக்கடி

முதல் நெருக்கடி எந்த ஆண்டில் வந்தது என்று இமாமவர்கள் சொல்லவில்லை. எங்கிருந்து தொடங்கியது என்பதை மட்டும் சொல்கிறார். கிறிஸ்தவர்களின் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவும், யூதர்களின் பிள்ளைகள் யூதர்களாகவும், முஸ்லிம்களின் பிள்ளைகள் முஸ்லிம்களாகவும் வளர்வதை அவர் கவனித்தார். அப்படியானால் நான் நம்புவது உண்மை என்பதாலா நம்புகிறேன், அல்லது இந்த வீட்டில் பிறந்ததாலா? இருபது வயதை எட்டுவதற்கு முன்பே இந்த வகையான தேட்டம் தம்மிடம் இருந்ததென்கிறார். இன்று பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளை கேட்டால் "கெம்பஸ் போய்ப் பழுதாயிட்டான்" என்று நாம் சொல்லும் அதே கேள்விதான் இது.

பெற்றோரிடமிருந்து வந்த நம்பிக்கையைத் தள்ளிவைத்துவிட்டு, சந்தேகத்துக்கே இடமில்லாத அறிவு எது என்று தேடினார். கண்ணால் காண்பதை நம்பலாமா? நிழல் அசையாமல் நிற்பதுபோலத் தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் காசளவு தெரிகிறது. கணிதமோ அது பூமியை விடப் பெரியது என்கிறது. ஆகவே புலன் பொய் சொல்கிறது. சரி, புத்தியை நம்பலாமா? புலனை நம்பியிருந்தபோது புத்தி வந்து அதைப் பொய்யாக்கியது. புத்திக்கு மேல் இன்னொரு நீதிபதி வந்து புத்தியையும் பொய்யாக்கமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கனவில் இருக்கும்போது கனவு உண்மையாகத்தானே இருக்கிறது!

ஏறத்தாழ இரண்டு மாதம் இந்த நிலை நீடித்தது. இதை அவர் 'நோய்' என்றே குறிப்பிடுகிறார். இந்த இரண்டு மாதமும் உள்ளத்தின் நிலையால்தான் தாம் அப்படி இருந்ததாகவும், வாயால் எதையும் சொல்லவில்லை என்றும் எழுதுகிறார். பக்கத்தில் நின்று தொழுதவருக்கும் தெரியாது.

இந்த நோய் ஆதாரங்களை அடுக்கி வைத்ததால் தீரவில்லை. ஆதாரம் கட்ட வேண்டுமென்றால் அடிப்படை உண்மைகள் சில வேண்டும். அவற்றிலேயே நம்பிக்கை போனபின் எதை வைத்து எதைக் கட்டுவது? அல்லாஹ் தமது நெஞ்சில் இட்ட ஓர் ஒளியினாலேயே தாம் குணமடைந்ததாகச் சொல்கிறார். கலாமில் இவ்வளவு தேர்ந்த ஒருவர், வாதத்தால் ஏலாத இடமொன்று இருக்கிறதென ஒப்புக்கொள்வது இலேசான காரியமல்ல.

குணமடைந்தபின் உண்மையைத் தேடுவோரை நான்கு கூட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்: முதகல்லிமீன்கள், தத்துவவாதிகள், பாதினிய்யாக்கள், ஸூபிகள். தத்துவ நூல்களை ஆசிரியரின்றித் தாமாகவே, பாடம் நடத்தி மிஞ்சிய நேரத்தில் இரண்டு வருடத்துக்குள் வாசித்தார். இன்னும் ஒரு வருடம் அவற்றைத் திரும்பத் திரும்ப யோசித்தார். 'மகாஸிதுல் பலாஸிபா', 'தஹாபுதுல் பலாஸிபா' ஆகியவை அந்த வாசிப்பிலிருந்து வந்தவை. மறுப்பதற்கு முன் எதிராளியின் கருத்தை அவனுக்குச் சமமாகவாவது விளங்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. "எங்கள் ஷெய்கு தத்துவவாதிகளை விழுங்கினார், பிறகு வாந்தியெடுக்கப் பார்த்தார், ஏலவில்லை" என்ற கருத்தில் அவருடைய மாணவர் அபூபக்ர் இப்னுல் அரபி பிற்காலத்தில் சொன்னது பிரசித்தமானது.

இரண்டாவது நெருக்கடி

தஹாபுத் 1095 ஜனவரியில் முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில், ஹிஜ்ரி 488 ரஜபில், இரண்டாவது நெருக்கடி அவரைத் தாக்கியது.

இந்தக் கட்டத்தில் அகீதாவில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. அல்லாஹ், நுபுவ்வத், மறுமை ஆகிய மூன்றிலும் உறுதியான ஈமான் தம்மிடம் வேரூன்றியிருந்ததாக அவரே சொல்கிறார். அபூதாலிப் அல்மக்கீ, ஹாரிஸ் அல்முஹாஸிபீ போன்றோரின் நூல்களை வாசித்து ஸூபிகளின் பாதையையும் அறிவால் விளங்கியிருந்தார். ஆனால் அந்தப் பாதை வாசிப்பால் அடைவதல்ல, வாழ்ந்து அடைவது என்பதும் விளங்கியது. போதையின் வரைவிலக்கணத்தை அறிவது வேறு, போதையில் இருப்பது வேறல்லவா!

அப்போது தம்மைத் தாமே பார்த்தார். தமது செயல்களில் சிறந்தது கற்பித்தல்தான். அதையும் கிளறிப் பார்த்தால் அல்லாஹ்வுக்காகச் செய்ததாகத் தெரியவில்லை. பதவியும் பெயர் பரவுவதும்தான் உந்துதலாக இருந்தன. இடிந்துவிழப் போகும் ஆற்றங்கரையில் நிற்பவனைப் போலத் தம்மை உணர்ந்தார். பக்தாதை விட்டுப் போக ஒருநாள் முடிவெடுப்பார், மறுநாள் அதைக் கைவிடுவார். காலையில் மறுமையின் ஆசை வந்தால், மாலையில் உலக ஆசை படையெடுத்து வந்து அதைக் கலைத்துவிடும். ஆறு மாதம் வரை இப்படியே கழிந்தது.

இறுதியில் உடல் தீர்ப்புச் சொன்னது. நாவு பூட்டிக்கொண்டது. ஒருநாளாவது மாணவர்களுக்குப் பாடம் நடத்திவிடலாமென்று முயன்றார். ஒரு சொல் வெளிவரவில்லை. அதனால் வந்த கவலையில் சாப்பாடு இறங்கவில்லை, தண்ணீர்கூடக் கஷ்டப்பட்டே இறங்கியது. வைத்தியர்கள் கைவிட்டார்கள். இது கல்பில் தொடங்கி உடலுக்கு வந்தது, உள்ளத்தின் கவலை நீங்காமல் மருந்தால் தீராது என்றார்கள்.

முதல் நெருக்கடியில் அவர் பேசக்கூடியவராயிருந்தும் பேசவில்லை. இரண்டாவதில் பேச விரும்பியும் பேச முடியவில்லை. முதலாவது இரண்டு மாதத்தில் தீர்ந்தது. இரண்டாவதன் விளைவாக அவர் பதினொரு வருடம் பாடசாலைப் பக்கம் போகவில்லை.

1095 நவம்பரில், மக்காவுக்குப் போவதாகச் சொல்லி, மனதில் ஷாமை நிய்யத்து வைத்துக்கொண்டு பக்தாதை விட்டு வெளியேறினார். பிள்ளைகளுக்கும் செலவுக்கும் போதுமானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றச் சொத்தைப் பகிர்ந்து கொடுத்தார். திமஷ்கில் உமய்யா பள்ளிவாசலின் மனாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு நாட்களைக் கழித்தார். பின்னர் பைத்துல் மக்திஸ், அதன்பின் ஹெப்ரோனில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கஸ்தலம், அதன்பின் ஹஜ். இப்ராஹீம் நபியின் அருகில் நின்று மூன்று உறுதிகளை எடுத்ததாகப் பாரசீகக் கடிதமொன்றில் எழுதுகிறார்: ஆட்சியாளரின் பணத்தை ஏற்பதில்லை, ஆட்சியாளரிடம் போவதில்லை, விவாதச் சண்டையில் இறங்குவதில்லை. அவரை உயர்த்திய மூன்று படிகளும் இவைதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பயந்து ஓடினாரா?

இந்த வரலாற்றை அப்படியே ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. நிழாமுல் முல்க் 1092இல் கொல்லப்பட்டார். இஸ்மாயீலி பாதினிய்யாக்களே கொன்றதாகச் சொல்லப்பட்டது. சில வாரங்களில் ஸுல்தான் மலிக்ஷாவும் மரணித்தார். கலீபாவின் வேண்டுகோளின் பேரில் பாதினிய்யாக்களை மறுத்து நூல் எழுதியவர் கஸ்ஸாலி. ஆகவே கொலைக்குப் பயந்தே ஓடினார் என்று 20ஆம் நூற்றாண்டில் ஃபரீத் ஜப்ர் வாதிட்டார். அரசியல் மாற்றமே காரணம் என்று மெக்டொனால்ட் போன்றோர் கருதினார்கள்.

பயம் இருந்திருக்கலாம். மனிதர்தானே! ஆனால் பயம் மட்டும்தான் காரணம் என்பது ஒத்துவரவில்லை. ஹிஜ்ரி 490இல் அவர் மீண்டும் பக்தாதில் இருந்தார். இப்னுல் அரபி அவரைச் சந்தித்தது அங்கேதான். ஒதுங்கியிருந்த காலத்திலும் 'அல்கிஸ்தாஸுல் முஸ்தகீம்' போன்ற நூல்களில் பாதினிய்யாக்களை மறுத்துக்கொண்டேயிருந்தார். 1106இல் நைஸாபூர் நிழாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்த வந்தது, நிழாமுல் முல்க்கின் மகன் பக்ருல் முல்க் அழைத்ததன் பேரில். அந்த வஸீரும் சில மாதங்களிலேயே பாதினி ஒருவனால் கொல்லப்பட்டார். உயிருக்குப் பயந்தவர் போய் நிற்கும் இடமல்ல அது.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. நைஸாபூரின் கதீபான அப்துல் காபிர் அல்பாரிஸீ அவரை நேரில் அறிந்தவர். இளமையில் அவரிடமிருந்த பெருமையையும் மற்றவர்களை இளக்காரமாகப் பார்க்கும் பார்வையையும் கண்டவர். திரும்பி வந்த கஸ்ஸாலியின் பணிவு வெறும் வேஷமென்றே முதலில் எண்ணியதாகவும், பலமுறை போய்ப் பழகித் துருவிப் பார்த்தபின்னரே அது உண்மையென்று தெரிந்ததாகவும் எழுதிவைத்திருக்கிறார். கடைசிக் காலத்தில் இமாமவர்கள் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களை ஒரு மாணவனைப் போல அமர்ந்து ஓதினார் என்பதும் அவர் தரும் செய்தியே. சந்தேகக் கண்ணோடு போய்ச் சாட்சியாகத் திரும்பிய ஒருவரின் வாக்குமூலத்துக்கு வரலாற்றில் தனிப் பெறுமதி உண்டு.

அன்றைய பக்தாத் மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதையும் இமாமவர்கள் பதிகிறார். அரசு அழுத்தம் என்றார்கள் தூரத்திலிருந்தவர்கள். அரசு கெஞ்சுவதையும் அவர் விலகுவதையும் கண்ட அருகிலிருந்தவர்கள், இல்முடையவர்களுக்குப் பட்ட கண்ணூறு என்றார்கள். ஒரு மார்க்கக் காரணத்துக்காக ஒருவர் அந்தப் பதவியை விடுவார் என்று எவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பதவிதானே மார்க்கத்தின் உச்சம் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள்!

அவருக்கு முன்னரும்

இது கஸ்ஸாலியோடு தொடங்கிய விஷயமல்ல. இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டுமாறு இப்ராஹீம் (அலை) கேட்டதும், உள்ளம் அமைதியடையவே கேட்பதாகச் சொன்னதும் ஸூரத்துல் பகராவில் இருக்கிறது. ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் உமர் (ரழி) நபி (ஸல்) அவர்களிடமே போய், நீங்கள் உண்மையில் அல்லாஹ்வின் நபிதானே, நாம் சத்தியத்தில்தானே இருக்கிறோம் என்ற பொருளில் கேட்டார். நபியவர்கள் கோபிக்காமல் பதில் சொன்னார்கள். தான் முனாபிக்காகிவிட்டதாகக் கலங்கிய ஹன்ழலா (ரழி) அபூபக்ர் (ரழி) அவர்களிடம் சொன்னபோது, எங்களுக்கும் அப்படித்தான் என்றாரே தவிர, ச்சீ என்று தள்ளவில்லை. இருவரும் சேர்ந்தே நபியவர்களிடம் போனார்கள். உமர் கேட்டது முதல் வகை. ஹன்ழலா கலங்கியது இரண்டாம் வகை. கேள்வியோடு வந்தவர் இரு வகையிலும் தனித்து விடப்படவில்லை.

இமாமவர்களும் இந்த வழியிலேயே நின்றார். 'அல்இக்திஸாத்' நூலின் முன்னுரையில், சந்தேகம் வந்த மூமினை மென்மையாக நடத்த வேண்டும், அவருக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே பதில் கொடுக்க வேண்டும் என்கிறார். கலாம் மருந்து, நோயில்லாதவருக்கு ஊட்டினால் அதுவே கேடு. இறுதி நாட்களில் எழுதிய 'இல்ஜாமுல் அவாம்' நூலில் பாமர மக்களைக் கலாமிலிருந்து விலக்குவதும் இதே காரணத்தால்தான். சத்தியத்தைப் பாதுகாப்பதாக எண்ணிக்கொண்டு எதிராளியை இழிவுபடுத்திப் பேசும் அறிவிலிகளின் வெறிதான் பலருடைய உள்ளத்தில் வழிகேட்டை வேரூன்றச் செய்தது என்பதும் அவர் வைத்த குற்றச்சாட்டே. 'பைஸலுத் தப்ரிகா'வில் காபிர் என்று தீர்ப்பளிக்க அவசரப்படுவதைக் கண்டிக்கிறார்.

எமது பக்கம்

நான் பல வருடம் இஸ்லாம் பாடம் படிப்பித்தவன். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு பாடசாலைகள் மீண்டும் திறந்த நாட்களில் உயர்தர மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றான். "சேர், ஒண்டு கேட்டா ஏசமாட்டீங்களே?" என்றான். கேள் மகன் என்றேன். "அவங்களும் நம்மட குர்ஆனத்தானே ஓதினாங்க?"

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில், "அவங்க முஸ்லிம்களே இல்ல." பத்திரிகை அறிக்கைக்கு அது போதும். அந்தப் பிள்ளைக்குப் போதாது. நான் அவனுக்குக் கஸ்ஸாலியின் காலத்தைச் சொன்னேன். குர்ஆன் ஓதியவர்களின் கத்தியால் ஒரு வஸீர் கொல்லப்பட்ட காலத்தில்தான் எது உண்மை என்று இமாமவர்கள் தேடினார் என்றேன். உன் கேள்வி கெட்ட கேள்வியல்ல, ஆனால் இது ஒருநாளில் முடிகிற கேள்வியுமல்ல என்றேன். அவன் அதன்பிறகு பல மாதம் வந்து வந்து கேட்டான். அவ்வளவுதான். அவன் ஸூபியாகவுமில்லை, ஆலிமாகவுமில்லை. கேட்க ஓர் இடமிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

2020இல் எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது, இத்தனை துஆவும் எங்கே போனது என்று உள்ளுக்குள் கேட்டவர்கள் எத்தனை பேர்! அந்தக் கேள்வியை வெளியில் கேட்ட உம்மாமாரை நான் அறிவேன். "பொறுமை" என்ற ஒரு சொல்லை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நாம் எழும்பி வந்தோம். சொல் சரியானதுதான். அதைச் சொன்னபின் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருப்பதற்குத்தான் ஆள் இருக்கவில்லை.

இந்தச் சந்தேகங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் கண்டுதான் நாம் பதறுகிறோம். இரண்டாம் வகை நெருக்கடி கேள்வி கேட்கிற பொடியனுக்கு வருவதல்ல. பதில் சொல்கிற எமக்கு வர வேண்டியது. பள்ளி நிர்வாகத்துக்கும், பயான் மேடைக்கும், நானும் நீங்களும் எழுதுகிற கட்டுரைக்கும் பின்னாலிருக்கும் நிய்யத்து எது? பின்பற்றுவோரின் எண்ணிக்கையா, போஸ்டரில் பெயரா, மற்ற ஜமாஅத்தை மடக்கிய திருப்தியா? இந்தக் கேள்வியில் நாவு பூட்டப்பட்டவராக எமது மேடைகளில் ஒருவரைக்கூட நான் இதுவரை காணவில்லை. எமது சமூகத்தில் சந்தேகம் அதிகமாகிவிட்டதென்று கவலைப்படுகிறவர்கள் இதைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்படுவது நல்லது.

இமாமவர்கள் திரும்பி வந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. மனாராவின் கதவு நிரந்தரமாகச் சாத்தப்படவில்லை. பிள்ளைகளின் அழைப்பு அவரை ஊருக்கு இழுத்தது; பிறகு மீண்டும் பாடம் நடத்தினார். முன்பு பதவியைத் தேடித்தரும் அறிவைப் பரப்பியதாகவும், இப்போது பதவியை விடச் சொல்லும் அறிவுக்கு அழைப்பதாகவும் அவர் விளக்கம் தருகிறார். வேலை அதேதான், நிய்யத்து வேறு. ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிரில், 1111 டிசம்பரில், பிறந்த ஊரான தூஸிலேயே வபாத்தானார்.

சந்தேகித்த இரண்டு மாதங்களில் யாராவது அவரை மார்க்கத்திலிருந்து வெளியே தள்ளியிருந்தால் எமக்கு இஹ்யா கிடைத்திருக்காது. நாவு பூட்டிய ஆறு மாதங்களில் அவர் தம்மையே ஏமாற்றிக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்திருந்தாலும் கிடைத்திருக்காது. எமது பிள்ளைகளின் விஷயத்தில் முதலாவதையும், எமது விஷயத்தில் இரண்டாவதையும் நினைவில் வைத்துக்கொள்வோம். வல்லாஹு அஃலம்.